பரண் மேல் ஒரு ஹேண்டில்பார்

ஒரு பொருளை மதிக்கிறோம் என்றால் அதை என்ன செய்ய வேண்டும்? எடுத்து வைக்க வேண்டுமா, எடுத்துப் பயன்படுத்த வேண்டுமா?

கேள்வி சின்னதாகத் தெரியும். உங்கள் வீட்டையே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் குங்குமச் சிமிழ் பீரோவுக்குள் இருக்கும். பாட்டியின் பித்தளை அண்டா பரண் மேல் இருக்கும். தாத்தாவின் பேனா, மை காய்ந்துபோய், மேஜை டிராயரில் கிடக்கும். ‘அவ்வளவு மதிப்பு வெச்சிருக்கோம், அதனாலதான் தொடுறதே இல்ல’ என்போம்.

இன்னொரு பக்கம், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பிரித்த தூண்களும் கதவுகளும் பழம்பொருள் கடை வாசல்களில் சாய்ந்து நிற்கின்றன. வாங்கிப் போகிறவரைக் கேட்டால், ‘சும்மா கிடந்து செல்லரிக்கிறதை நாலு பேர் பார்க்கிற மாதிரி பண்றோம் சார்’ என்பார். அவரும் மதிப்பைப் பற்றித்தான் பேசுகிறார்!

இரண்டில் எது நிஜமான மரியாதை? இதை நான் யோசிக்க நேர்ந்தது ஒரு சைக்கிளால்.

நண்பர் ஒருவர் ஆதம்பாக்கத்தில் இருக்கிறார். ஆபீஸ் கிண்டியில். டாக்டர் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, ‘நடங்க, இல்ல சைக்கிள் மிதிங்க’ என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஏற்கெனவே ஒரு சைக்கிள் இருந்தது. அவருடைய அப்பாவுடையது. சாதாரண சைக்கிள் இல்லை, இங்கிலாந்தில் செய்த ரேஸ் சைக்கிள். எழுபதுகளில் பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்திய ரயில்வேக்காரர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது விற்றுவிட்டுப் போனது. ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், சுண்டுவிரல் கனத்தில் டயர், பின்னால் ஐந்து பல்சக்கரம். அதில்தான் அப்பா மாவட்டப் போட்டிகளில் ஓட்டியிருக்கிறார். கடைசி இருபது வருஷமாகச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

நண்பர் அதைக் கழற்றி ஆபீஸ் போகிற வண்டியாக மாற்றலாம் என்றார். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

“டேய், அது ரேஸ் வண்டிடா. அதுக்குப் போய் கேரியர் வெச்சு கத்திரிக்கா வாங்கப் போறியா?”

“ஆணியில தொங்குறதுக்கு கத்திரிக்கா தூக்கலாம்ப்பா.”

இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட நண்பரின் மனைவி எனக்குப் போன் செய்து, “நீங்களாவது வந்து சொல்லுங்கண்ணா. அந்த சைக்கிளை எடுத்து எடைக்குப் போட்டுரலாம்னு இருக்கேன்” என்றார்.

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்தது கணக்கு. கணக்குப் போட்டால் இதில் சண்டைக்கே இடமில்லை. டயர், ரிம், ஹேண்டில்பார், மட்கார்டு, கேரியர், கூலி என்று கூட்டினால், இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு புது சைக்கிளே வாங்கிவிடலாம். புதுசுக்கு வாரண்டி உண்டு. பழசுக்கு அப்பாவின் கோபம்தான் உண்டு. ஆக, புதுசு வாங்கு, பழசு தொங்கட்டும். இதுதான் கணக்கு சொல்லும் தீர்ப்பு.

ஆனால் அதே காமர்ஸ் வகுப்பில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. அதில் இரண்டு முறைகள். நேர்கோட்டு முறையில், ஒரு இயந்திரம் வருஷா வருஷம் ஒரே அளவு மதிப்பு இழந்து, ஒருநாள் காயலான் கடை விலையில் வந்து நிற்கும். குறைந்து செல் மதிப்பு முறையில், மிச்சமிருக்கும் மதிப்பில் ஒரு சதவிகிதத்தைக் கழித்துக்கொண்டே போவார்கள். நூறு வருஷம் கழித்தாலும் அது பூஜ்யத்தைத் தொடாது. கணித விதி அது. எவ்வளவு கழித்தாலும் ஏதோ மிச்சமிருக்கும். மனிதர்களும் சில பொருட்களும் இந்த இரண்டாவது முறையில்தான் தேய்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் ஒரு கப்பலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கிரேக்க வீரன் தீசியஸ் கிரீட் தீவுக்குப் போய், அரக்கனைக் கொன்று, பலியாக இருந்த இளைஞர்களை மீட்டு வந்தானாம். அவன் போன கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பல நூற்றாண்டுகள் வைத்திருந்தார்கள் என்கிறார் புளூடார்க். பலகை ஒன்று உளுத்துப்போனால் எடுத்துவிட்டு வேறு பலகை பொருத்துவார்கள். இப்படியே ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் இருப்பது அதே கப்பலா, வேறு கப்பலா? தத்துவக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். 1655-ல் தாமஸ் ஹாப்ஸ் இதை இன்னும் சிக்கலாக்கினார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து, அதே வரிசையில் பூட்டி இன்னொரு கப்பல் கட்டினால்? இப்போது எது தீசியஸின் கப்பல்?

தத்துவப் புத்தகங்களில் கதை பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். ஆனால் இந்தக் கப்பல் கரையில் கட்டி வைத்த காட்சிப்பொருள் இல்லை. இளைஞர்கள் உயிரோடு திரும்பினால் வருஷா வருஷம் டெலோஸ் தீவுக்குக் காணிக்கை அனுப்புவதாக ஏதென்ஸ்காரர்கள் அப்போலோ தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார்களாம். நம்ம ஊர் நேர்த்திக்கடன் மாதிரிதான். அந்த நேர்த்திக்கடனைச் செலுத்தக் கப்பல் ஒவ்வொரு வருஷமும் கடலுக்குப் போனது. போய்த் திரும்பும்வரை ஊரில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக்கூடாது என்பது விதி.

கி.மு. 399-ல் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தபோது, அதற்கு முதல் நாள்தான் கப்பலுக்கு மாலை போட்டிருந்தார்கள். அது திரும்பி வரும்வரை சாக்ரடீஸ் சிறையில் காத்திருந்தார். முப்பது நாள் என்கிறார் அவருடைய சீடர் செனோபோன். அந்த நாட்களில் நண்பர்கள் தினமும் சிறைக்குப் போய் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ‘பலகையெல்லாம் புதுசு, இது தீசியஸ் கப்பலே இல்லை, அந்த விதியும் செல்லாது’ என்று ஒரு அதிகாரி சொல்லியிருந்தால், சாக்ரடீஸ் ஒரு மாசம் முன்னாலேயே விஷக்கோப்பையைக் குடித்திருப்பார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை அந்தக் கப்பல் நிறைவேற்றிக்கொண்டிருந்தது. ஊருக்கு அது போதும்.

கணக்கியலிலும் இதே கருத்து வேறு பெயரில் இருக்கிறது. ‘கோயிங் கன்சர்ன்’ என்பார்கள். ஒரு கம்பெனியில் முதலாளி மாறலாம், கட்டடம் மாறலாம், ஊழியர்கள் எல்லோருமே மாறலாம். தொழில் தொடர்ந்து நடக்கும் என்ற எண்ணத்தில்தான் கணக்கு எழுதுகிறோம். என்னைக் கேட்டால், பொருளின் அடையாளமும் அதன் பாகங்களில் இல்லை, அது தொடர்ந்து செய்யும் வேலையில் இருக்கிறது.

அப்படியானால் நண்பர் கட்சிதான் ஜெயிக்கிறதா? இருங்கள். அப்பாவின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. ரேஸ் வண்டியின் வேலை ரேஸ் ஓடுவது. கத்திரிக்காய் தூக்குவது அதன் வாக்கு இல்லையே!

இதற்கான பதிலைப் புதுக்கோட்டைப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. சரி, ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். நாளாக ஆக, ‘இதுதான் வசதி, முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்’ என்று அதையே விரும்பிய பெண்களும் உண்டு. அந்த பாரை வைத்தவன் குழந்தையை நினைத்து வைக்கவில்லை. தெருவில் சாணை பிடிக்க வருகிறவரும் அப்படித்தான். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மிதித்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டுக் கத்தி தீட்டுகிறார். சைக்கிளைக் கண்டுபிடித்தவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். பொருளைச் செய்தவனின் எண்ணம் அதன் முதல் வாக்கு. கடைசி வாக்கு என்று யார் சொன்னது?

இருந்தாலும் ‘உபயோகம்’ என்ற ஒரே வார்த்தையைச் சொல்லி எதை வேண்டுமானாலும் வெட்டலாமா? காரைக்குடித் தூணையும் அப்படித்தானே வெட்டுகிறார்கள்? எல்லைக்கோடு எங்கே? அதை எனக்குக் காட்டியவர் ஒரு சைக்கிள் மெக்கானிக்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவழியாக அப்பாவைச் சமாதானம் செய்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனார். அப்பாவும் கூடவே வந்தார், காவலுக்கு! கடைக்காரர் பாய்க்கு அறுபது வயசு இருக்கும். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். “ஓவராயில் பண்ணினா இன்னும் முப்பது வருஷம் ஓடும் சார்” என்றார்.

அதன்பின் நடந்ததுதான் பாடம். நண்பர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பாய் சொன்ன பதிலைக் கவனியுங்கள்.

ஹேண்டில்பாரை மாற்ற வேண்டும், குனிந்து ஓட்டினால் டிராஃபிக் தெரியாது, முதுகும் வலிக்கும். “மாத்தலாம். நட்டைக் கழட்டினா வந்துரும். பிரேக் கட்டையும் சேர்த்து மாத்தணும்.”

மட்கார்டு வேண்டும். இந்த ஃபிரேமில் அதற்கு ஓட்டை இல்லை. டிரில் போட்டுவிடலாமா? “வேணாம் சார். இது மெல்லிசு டியூப். ஓட்டை போட்டா அங்கேயே விரிசல் விடும். கிளிப் போட்டு, அடியில ரப்பர் வெச்சு முடுக்கிடறேன்.”

கேரியரை வெல்டிங் வைத்துவிடலாமா, ஆடாமல் இருக்குமே? “நெருப்பு காட்டினா இந்த ஸ்டீல் கெட்டுரும். இதுக்கும் கிளிப்தான்.”

டயர் இந்த அளவில் கிடைப்பது கஷ்டம். இப்போது வருகிற சக்கரத்தையே முழுசாக வாங்கிப் போட்டுவிடலாமா? இந்த இடத்தில் பாய் டேப்பை எடுத்தார். பழைய 27 இன்ச் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர். இப்போதைய 700சி ரிம்மில் 622. எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். அதாவது எந்தப் பக்கம் பார்த்தாலும் நாலு மில்லிமீட்டர் கீழே. பிரேக் ரப்பரை நாலு மில்லிமீட்டர் இறக்கினால் போதும். இறங்கிய இடத்தில் கொஞ்சம் தடித்த டயரும் அதன் மேல் மட்கார்டும் அடங்கும். நம்ம ரோட்டுப் பள்ளத்துக்கு அந்தத் தடிப்பு அவசியம். ஆனால் பின்சக்கரத்தை முழுசாக வாங்கினால் அச்சு அகலம் ஒத்துப்போகாது. பழைய ஐந்து பல்சக்கர வண்டியில் அது 120 மில்லிமீட்டர். பின்னால் வந்த ரேஸ் சக்கரங்களில் 130. “ஃபிரேமை விரிச்சும் மாட்டலாம். ஸ்டீல் வளையும். ஆனா ஒருவாட்டி விரிச்சா விரிச்சதுதான். அதுக்கு, பழைய ஹப்புலேயே புது ரிம் கோத்துத் தந்துடறேன். கோட்டம் எடுக்க ஒரு நாள் ஆவும், அவ்ளோதான்.”

பெயின்ட்? அங்கங்கே உரிந்து, மேல் பாரில் நீளமாக ஒரு கீறல். புதுசாக அடித்துவிடலாமா? பாய் பதில் சொல்லவில்லை. பெரியவரைப் பார்த்தார். பெரியவர் அந்தக் கீறலைத் தடவிக்கொண்டே, “செங்கல்பட்டு ரோட்டுல விழுந்தது. எழுந்து ஓட்டி மூணாவதா வந்தேன்” என்றார். பெயின்ட் பட்டியலிலிருந்து நீங்கியது.

கழற்றக்கூடியதையெல்லாம் பாய் தயங்காமல் மாற்றினார். திருப்பமுடியாத இடத்தில் கையை எடுத்துக்கொண்டார். பழைய ஹேண்டில்பார், பிரேக் கட்டை, ரிம் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு, “பரண் மேல வைங்க. எப்ப வேணும்னாலும் பழையபடி பண்ணிக்கலாம்” என்று கொடுத்துவிட்டார். ஹாப்ஸின் இரண்டாவது கப்பல் இப்போது ஆதம்பாக்கத்துப் பரணில் இருக்கிறது!

பாய் கையாண்டது பெரிய தத்துவம். அருங்காட்சியகங்களில் பழம்பொருளைப் பழுது பார்க்கிறவர்களும் கூடியவரை இதையே கடைப்பிடிக்கிறார்கள். நாளைக்கு வருகிறவன் நீக்க வேண்டும் என்று நினைத்தால் நீக்க முடிகிற மாதிரி இன்றைக்குச் செய். தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியங்களின் மேலே நாயக்கர் காலத்தில் வேறு ஓவியங்களைத் தீட்டினார்கள். 1931-ல் எஸ்.கே.கோவிந்தசாமி என்ற ஆய்வாளர் கண்டுபிடிக்கும்வரை அடியில் சோழர் வண்ணம் இருப்பதே வெளியுலகத்துக்குத் தெரியாது. பிற்பாடு தொல்லியல் துறை, மேலே இருந்த ஓவியங்களில் ஒரு பகுதியைப் பழுதில்லாமல் பிரித்தெடுத்து ஃபைபர் கிளாஸ் பலகையில் பதித்தது. இரண்டும் பிழைத்தன. அன்றைக்கு அடியில் இருந்ததை முழுக்கச் சுரண்டிவிட்டுத் தீட்டியிருந்தால்? மாற்றுவது தப்பில்லை. அடுத்தவனுக்கு ஒரு வழி விடாமல் மாற்றுவதுதான் தப்பு.

சரி, பெரியவர் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்? சைக்கிளுக்காக மட்டும்தானா?

கடையில் காத்திருந்தபோது, மகனுக்குக் கேட்காத மாதிரி என்னிடம் சொன்னார். “என்னையே இப்படி மாத்தியாச்சு தம்பி. பேரனை ஸ்கூல்ல விடுறது, பால் வாங்குறது, கரன்ட் பில் கட்டுறது. நான் வேணாம்னு சொல்லல. பிடிச்சுத்தான் செய்யுறேன். ஆனா பெரம்பூர் வீட்டை விக்கிறப்போ என்னை யாரும் கேக்கல. அவங்கம்மா போயி மூணு மாசத்துல எல்லாம் முடிஞ்சுருச்சு. சைக்கிள் ஒண்ணுதான் கூட வந்துச்சு.”

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நண்பர் கெட்டவர் இல்லை. அப்பா தனியாக இருக்கக்கூடாது என்ற அக்கறையில் செய்ததுதான். பெரியவரும் இங்கே நிம்மதியாகத்தான் இருக்கிறார். ஆனால் வீட்டை வெல்டிங் வைத்துவிட்டார்கள். கிளிப் போடவில்லை. ஒரு வருஷம் வாடகைக்கு விட்டுப் பார்த்திருக்கலாம். ‘பிடிக்கலைன்னா திரும்பிப் போயிடலாம்ப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் திரும்பிப் போயிருக்கவே மாட்டார் என்பது வேறு விஷயம். பரண் மேல் அந்தச் சாக்கு இருக்கிறது என்ற தைரியமே மனிதனுக்குப் பாதி நிம்மதி.

நம் காலத்தில் நடக்கிற பெரிய மாற்றங்கள் எல்லாமே ‘நடைமுறை’ என்ற பெயரில்தான் நடக்கின்றன. தோட்டத்தை வெட்டிக் கார் நிறுத்துகிறோம். ஊர் வீட்டை விற்று ஃபிளாட் வாங்குகிறோம். வேலையை விட்ட மனைவி இனி வேலைக்கே போகப்போவதில்லை என்று நாமே முடிவு கட்டுகிறோம். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கும். அதனால்தான் காரணத்தை மட்டும் பார்த்தால் போதாது என்கிறேன். இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இதைத் திரும்பக் கழற்ற முடியுமா? முடியாது என்றால், அதன் சொந்தக்காரரைக் கேட்டோமா? முதல் கேள்விக்கு ‘முடியும்’ என்று பதில் வந்தால் தைரியமாக ஸ்பானரை எடுக்கலாம். ‘முடியாது’ என்றால் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை எடுக்கக்கூடாது.

இதைச் சொல்லி எதையும் தொடாமல் இருந்துவிடவும் கூடாது. ஆணியில் தொங்குவது பாதுகாப்பு மாதிரித்தான் தெரியும். ஆனால் ஓடாத சைக்கிளில் ரப்பர் வெடிக்கும், கிரீஸ் இறுகும், செயின் துருப்பிடிக்கும். மனிதர்களை ‘நீங்க பேசாம உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்’ என்று மரியாதையாக ஆணியில் மாட்டுகிறோமே, அவர்களுக்கும் அதுதான் நடக்கிறது.

இப்போது நண்பர் தினமும் கிண்டிக்கு மிதித்துப் போகிறார். முதல் ஒரு வாரம் பெரியவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. எட்டாம் நாள் காலையில் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “பின்னாடி காத்து கம்மியா இருக்கு” என்றாராம். அதிலிருந்து காற்று அடிப்பதும் செயினுக்கு எண்ணெய் விடுவதும் அவர் டிபார்ட்மென்ட். மகன் ஆபீஸ் போகாத நாட்களில் வண்டி சில சமயம் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது. யார் எடுத்துப் போகிறார்கள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இறக்கிப் பாருங்கள். ஓட வைக்க முடிந்தால் ஓட வையுங்கள். அதற்கு முன்னால், வீட்டிலிருக்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேண்டாம். பாதி நேரம் அவர்கள் எதிர்பார்ப்பது அந்த ஒரு கேள்வியைத்தான்.